புது மோட்டார் சைக்கிளும் பழைய பயமும்

"மாமா, நித்திரையோ?"

காலை ஐந்தரை மணி. பத்திரிகை அலுவலகங்களில் முப்பது வருடங்களைக் கழித்தவனுக்கு அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் மறுபடி ஓடும். யாரோ போய்விட்டார்கள் அல்லது எங்கேயோ ஏதோ வெடித்துவிட்டது என்றுதான் மனம் நினைக்கும். பேசியது வவுனியாவில் இருக்கும் அக்காவின் மகன்.

"ஒண்டுமில்லை மாமா. புது மோட்டார் சைக்கிள். காலமை ஸ்ராட் பண்ணினவுடனை எஞ்சினுக்குள்ளை டிக் டிக் எண்டு ஒரு சத்தம். ரெண்டு மூண்டு நிமிசத்திலை குறையுது. இண்டைக்கும் கேக்குது. கேளுங்கோ."

தொலைபேசியை எஞ்சினுக்கு அருகில் பிடித்தான். எனக்கு எஞ்சினும் கேட்டது, பக்கத்து வீட்டுச் சேவலும் கேட்டது. மீற்றரில் 412 கிலோமீற்றர் என்றான். ஏதேனும் கோளாறு என்றால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். குரல் தழுதழுத்தது.

அவனைக் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அவன் பல்கலைக்கழகத்தில் இருந்தான். அதன்பின் பாவித்த மோட்டார் சைக்கிள்களின் விலை எங்கே போயிற்று என்பது நாட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2025இல் தடை தளர்ந்த பிறகு, அக்காவின் இரண்டு காப்புகளை முற்பணமாக்கி, மீதியை ஐந்து வருட லீசிங்கில் எடுத்த வண்டி அது. கிராமம் கிராமமாகப் போய்ச் செய்யும் உத்தியோகம். நாளொன்றுக்கு அறுபது கிலோமீற்றர் குறையாது. எஞ்சின் நின்றால் உத்தியோகமும் நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

நான் மெக்கானிக் அல்ல. கலைப்பட்டதாரி. வரலாறும் தமிழும் படித்தவன். வால்வு இடைவெளியாக இருக்கும், முதல் சேர்விஸில் சொல்லு என்று மட்டும் கூறினேன். ஆயினும் அன்று முழுவதும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்கியவன் இரவில் எழுந்திருந்து அதன் மோட்டாரைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. புது மோட்டார் சைக்கிள் வாங்கியவன் மட்டும் கேட்கிறான். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது என் மருமகனுக்கு நூறு வருடங்கள் மூத்தது என்று தெரிகிறது. அதைவிட முக்கியமாக, அது நியாயமான பயமாகவே இருந்திருக்கிறது.

1885இல் ஜேர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச் சட்டமொன்றில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அது பரீட்சைதான், விற்பனைக்கு அல்ல. மக்களுக்கு விற்பதற்கென முதன்முதலில் தொகையாகச் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் 1894இல் மியூனிக் நகரில் ஹில்டபிராண்ட், வுல்ஃப்முல்லர் என்போரின் கம்பனியிலிருந்து வந்தது. புகையிரத எஞ்சினில் உள்ளதைப்போல பிஸ்டனின் தண்டு நேரே பின்சக்கரத்தைச் சுழற்றியது. கிளச் கிடையாது. பிளக் கிடையாது. சூடேற்றிய ஒரு குழாய்தான் எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். சில வருடங்களில் கம்பனியே மூடப்பட்டது.

அதன் பின் வந்த கால்நூற்றாண்டு காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒயிலைச் செலுத்தும் பொறுப்பு எஞ்சினுக்குரியதாக இருக்கவில்லை, ஓட்டுபவருக்குரியதாக இருந்தது. தாங்கியின் பக்கத்தில் ஒரு கைப்பம்பி இருக்கும். இத்தனை மைலுக்கு ஒருமுறை, ஏற்றமானால் இன்னும் ஒருமுறை, அதை அழுத்த வேண்டும். உள்ளே போன ஒயில் திரும்பி வராது. எரிந்தோ ஒழுகியோ போய்விடும். குறைத்துக் கொடுத்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். கூட்டிக் கொடுத்தால் பிளக் கரிபிடித்து வண்டி நடுவழியில் நிற்கும். ஓட்டுபவர் முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் திரும்பித் தன் புகையின் நிறத்தைப் பார்த்ததே அதிகம். எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்காதவன் அன்று வீடு போய்ச் சேர்வது கடினம்.

1907 மே 28ஆம் திகதி ஐல் ஒஃப் மான் தீவில் டி.டி. எனப்படும் புகழ்பெற்ற ஓட்டப்பந்தயம் தொடங்கியது. இதை இன்று வேகப் பந்தயம் என்றே எல்லோரும் அறிவர். ஆனால் அதன் பெயரில் உள்ள முதல் சொல் 'சுற்றுலாப் பயணி' என்பதைக் குறிப்பது. சாதாரண மனிதன் வாங்கி ஓட்டக்கூடிய, நம்பகமான வண்டியை உற்பத்தியாளர்கள் செய்யவேண்டும் என்பதற்காகவே அப்பந்தயம் ஏற்படுத்தப்பட்டது. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் கலனுக்கு 90 மைலும், இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் 75 மைலும் ஓடவேண்டும் என்று எரிபொருளுக்கும் வரையறை வைத்தார்கள். மட்ச்லெஸ் வண்டியில் சார்லி கோலியர் ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் வென்றார். பேஜோ எஞ்சின் பூட்டிய நோர்ட்டனில் ரெம் ஃபௌலர் மற்றப் பிரிவில் வென்றார். ஃபௌலர் வழியில் பலமுறை நின்று திருத்தித் திருத்தித்தான் முதலாவதாக வந்தார்.

பின்னர் ஒயில் பம்பி எஞ்சினுக்குள்ளே போயிற்று. பயம் வேறொரு வடிவம் எடுத்தது. எமது தகப்பன்மார் தலைமுறைக்கு அது நன்கு தெரிந்த ஒன்று. புது எஞ்சினை 'பழக்குதல்' என்பார்கள். பிரித்தானியாவில் புதுக் கார்களின் பின்கண்ணாடியில் 'பழக்கிக்கொண்டிருக்கிறேன், முந்திச் செல்லவும்' என்ற அறிவித்தலை ஒட்டிக்கொண்டு போவார்கள். முதல் 1000 மைல் வரை வேகம் கூட்டக்கூடாது. ஏற்றத்தில் எஞ்சினைத் திணறவிடக்கூடாது. ஒரே வேகத்தில் நீண்டநேரம் ஓடவும் கூடாது.

இது மூடநம்பிக்கையா? இல்லை. சிலிண்டரின் உட்சுவரைத் தொழிற்சாலையில் கடைந்தெடுத்த பின் அதில் மெல்லிய மேடும் பள்ளமும் இருக்கும். பிஸ்டன் ரிங் அந்த மேடுகளைத் தேய்த்துத் தனக்கேற்ற இருக்கையைச் செய்துகொண்டால்தான் வாயு கீழே கசியாது, ஒயில் மேலே ஏறாது. அன்றைய கடைசல் இயந்திரங்களின் துல்லியம் போதாது. ஆகவே மேடுகள் உயரம், தேயவேண்டியதும் அதிகம். முதல் ஒயிலை வடிக்கும்போது அதில் வெள்ளித்தூள் போன்று ஒரு மினுக்கம் தெரியும். அது சிலிண்டரும் ரிங்கும் பற்சக்கரங்களும் ஒன்றையொன்று உரசிச் சமாதானமானதன் மிச்சம். நேராகச் சொன்னால், தொழிற்சாலை முக்கால்வாசி செய்து முடித்த எஞ்சினை முழு விலைக்கு விற்றது. எஞ்சிய கால்வாசியை வாங்கியவர் தன் செலவில், தன் வீதியில், தன் பயத்தோடு செய்து முடித்தார். அவர் தவறாகச் செய்தால் பழியும் அவருக்கே. "சரியாகப் பழக்கவில்லை" என்ற ஒரு வசனத்தில் எத்தனை முறைப்பாடுகள் முடித்து வைக்கப்பட்டிருக்கும்!

என் பெரியப்பா நில அளவையாளராக இருந்தவர். ஐம்பதுகளில் பிரித்தானியத் தயாரிப்பு ஒன்றைப் புதிதாக வாங்கினார். கம்பனிப் பெயர் வேண்டாம். அது நிறுத்தும் இடத்தில் வீட்டுத் திண்ணையோரமாக ஒரு தகரத் தட்டு எப்போதும் இருக்கும். சொட்டும் ஒயிலை ஏந்துவதற்கு. காலையில் தட்டில் உள்ளதைப் பார்த்து, இன்றைக்குத் தூரப் பயணம் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பாராம். தட்டு காய்ந்திருந்தால்தான் பெரியப்பாவுக்குப் பயம். எஞ்சினுக்குள் ஒயில் இல்லை என்று அர்த்தம்! நான் சிறுவனாக இருந்தபோது வண்டி போய்விட்டது. தட்டு மட்டும் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டது.

அந்நாளில் உலகின் மோட்டார் சைக்கிள் தலைநகரம் என்றால் அது பர்மிங்ஹாமும் அதன் சுற்றுப்புறமும்தான். பி.எஸ்.ஏ., ட்ரயம்ப், நோர்ட்டன், ஏரியல், றோயல் என்ஃபீல்ட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தோற்றத்திலும் ஒலியிலும் அவற்றுக்கு நிகரில்லை. 1937இல் எட்வேர்ட் டேர்னர் வடிவமைத்த ட்ரயம்ப் ஸ்பீட் ட்வின் என்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியைப் பார்த்து மற்ற எல்லாக் கம்பனிகளும் தாமும் ஒன்று செய்தன. அந்த அமைப்பில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். ஆதலால் அதிர்வு அதிகம். அடிப்பெட்டி நெடுங்குத்தாகப் பிளந்த இரண்டு பாதிகளால் ஆனது. அந்த மூட்டு ஒயிலில் அமிழ்ந்திருக்கும். அதைச் சீவிய இயந்திரங்களில் பல போருக்கு முந்தியவை, தேய்ந்தவை. தேய்ந்த இயந்திரத்தில் சீவிய இரு முகங்கள், நடுவே ஒரு கடதாசி கஸ்கட், ஓயாத அதிர்வு. ஒயில் ஒழுகாமல் என்ன செய்யும்? ஓட்டியவர்கள் அதைப் பகிடியாக்கிக் கொண்டார்கள். உற்பத்தியாளர்கள் அந்தப் பகிடியைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். ஆண்மகன் என்றால் ஸ்பானருடன் இருக்கவேண்டும் என்று ஒரு தத்துவமும் பிறந்தது. எனது அபிப்பிராயத்தில் அந்தத் தொழிலின் வீழ்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

அதே காலத்தில் உலகின் மறுகோடியில் வேறொரு மனிதருக்கும் எஞ்சின் பயம் பிடித்திருந்தது. சொய்ச்சிரோ ஹொண்டா 1946இல், போரில் மிஞ்சிய சிறிய மின்பிறப்பாக்கி எஞ்சின்களைச் சைக்கிளில் பூட்டி விற்கத் தொடங்கியவர். 1951இல் தனது முதலாவது நான்கு வீச்சு எஞ்சின் வண்டியை ஹக்கோனே மலைப்பாதையில் ஏற்றிச் சோதித்தார். கொட்டும் மழையில் வண்டி முன்னே போக, அவரும் பங்காளி ஃபுஜிசவாவும் காரில் பின்தொடர்ந்தார்கள். 1952இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து 45 கோடி யென்னுக்குக் கடைசல் இயந்திரங்களை வாங்க முடிவெடுத்தார். கம்பனியின் மூலதனத்தோடு ஒப்பிட்டால் அது பைத்தியக்காரத்தனமான தொகை. பர்மிங்ஹாம் தேய்ந்த இயந்திரங்களோடு இலாபம் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புதிய இயந்திரங்கள் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1954இல் ஹொண்டாவின் ட்ரீம் வண்டியின் எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கி விற்றபோது, வாங்கியவர்களிடமிருந்து முறைப்பாடுகள் குவிந்தன. ஜூனோ என்ற ஸ்கூட்டரும் தோல்வி கண்டது. கம்பனி மூழ்கும் நிலை. பெரிதாக்கிய எஞ்சினைக் கைவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பினார்கள். பின்னர் பார்த்தால் குறை எஞ்சினில் அல்ல, காபரேற்றரில் இருந்தது. இந்த நெருக்கடியின் நடுவேதான் ஹொண்டா, ஐல் ஒஃப் மான் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போவதாக அறிவித்தார். அதே வருடம் அத்தீவுக்குப் போய் ஐரோப்பிய வண்டிகள் ஓடுவதைப் பார்த்தார். தமது எஞ்சின்கள் எவ்வளவு பின்தங்கியவை என்பதைக் கண்டு திகைத்துப்போய்த் திரும்பினார். ஐந்து வருடங்களின் பின் 1959இல் ஹொண்டா அணி அங்கு சென்று 125 சி.சி. பிரிவில் ஆறாம் இடத்தையும் சிறந்த அணிக்கான பரிசையும் பெற்றது. 1961இல் 125, 250 ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களும் அவர்களுக்கே. இரண்டிலும் வென்றவர் மைக் ஹெயில்வூட் என்ற ஆங்கில இளைஞர்.

பந்தய வெற்றிகளைவிட எனக்குப் பிடித்த கதை வேறொன்று. 1959இல் கிஹாச்சிரோ கவாஷிமா என்ற அலுவலர் தலைமையில் சிலர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹொண்டாவின் கடையைத் திறந்தார்கள். ஜப்பானிய அரசு கையில் கொண்டுபோக அனுமதித்த பணம் சொற்பம். மாதம் 80 டொலர் வாடகையில் ஓர் அறையில் தங்கினார்கள். இருவர் தரையில் படுத்தார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும் என்று 250, 305 சி.சி. வண்டிகளில் நம்பிக்கை வைத்தார்கள். 1960 ஏப்ரல் அளவில் விற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. ஒயில் கசிவு, கிளச் பழுது. ஜப்பானில் ஓடுவதைவிட அமெரிக்காவில் மக்கள் அதிக தூரம், அதிக வேகத்தில் ஓடினார்கள். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"சரியாகப் பழக்கவில்லை" என்று அவர்களும் சொல்லியிருக்கலாம். கவாஷிமா அப்படிச் செய்யவில்லை. கையில் இருந்த கொஞ்சப் பணத்தையும் செலவழித்து, பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார். அங்கே பரிசோதனைக் கூடத்தில் இரவு பகலாக எஞ்சின்களை ஓட்டி, அதே பழுதை வரவழைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் புதிய கஸ்கட்டும் புதிய கிளச் சுருள்வில்லும் வந்து சேர்ந்தன. இதற்கிடையில் அமெரிக்காவில் கையில் விற்க மிஞ்சியது 50 சி.சி. சூப்பர் கப் மட்டுமே. 1958இல் ஜப்பானில் அறிமுகமான அச்சிறு வண்டியைத் தமது சொந்த ஓட்டங்களுக்கே அவர்கள் பயன்படுத்தி வந்தார்கள். வீதியில் அதைக் கண்டவர்கள் விசாரித்தார்கள். மற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. இந்த விபரங்களைப் பின்னாளில் ஹொண்டா அலுவலர்களிடமே கேட்டு ரிச்சர்ட் பாஸ்கல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984இல் எழுதினார். அதுவரை ஹொண்டாவின் வெற்றியை மகா தந்திரம் என்று வியாக்கியானம் செய்தவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடத்தைக் கொடுத்தது.

பிரித்தானியர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அதே எட்வேர்ட் டேர்னர் 1960இல் ஜப்பானுக்குப் போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, கலக்கத்துடன் அறிக்கை எழுதினார். அறிக்கை வந்தது, இயந்திரங்கள் வரவில்லை. ஜப்பானியச் சிறு வண்டியில் பழகுகிறவன் நாளை பெரிய வண்டிக்கு எம்மிடந்தான் வருவான் என்ற நம்பிக்கை நிர்வாகத்தில் நிலவியது. மூன்று சிலிண்டர் வண்டியின் மாதிரி அறுபதுகளின் நடுப்பகுதியிலேயே தயாராக இருந்தும், ட்ரயம்ப் ட்ரைடன்ட், பி.எஸ்.ஏ. ரொக்கெட் 3 என்ற பெயர்களில் அது 1968இல்தான் சந்தைக்கு வந்தது. காலால் உதைத்துத்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். 1969இல் ஹொண்டாவின் சி.பி.750 வந்தது. நான்கு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பொத்தானை அழுத்தினால் ஸ்ராட். அதன் அடிப்பெட்டி கிடையாகப் பிளந்தது. பிரதான மூட்டு ஒயில் மட்டத்துக்கு மேலே இருந்தது. அமெரிக்காவில் விலை 1,495 டொலர். காலையில் அதன் கீழே தட்டு வைக்க வேண்டியதில்லை.

1959இல் அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் இறக்குமதியில் 49 வீதம் பிரித்தானியாவினுடையது. 1973இல் 9 வீதம். அவ்வருடம் பி.எஸ்.ஏ. வீழ்ந்து, நோர்ட்டன் வில்லியர்ஸ் ட்ரயம்ப் என்ற புதுக் கம்பனிக்குள் கரைந்தது. ட்ரயம்பின் மெரிடன் தொழிற்சாலை மூடப்படும் என்று அறிவித்ததும் தொழிலாளர்கள் வாயிலை மறித்து உள்ளே அமர்ந்தார்கள். 1975இல் அதைக் கூட்டுறவாகத் தாமே நடத்தத் தொடங்கினார்கள். 1983இல் அதுவும் முடிந்தது. ஒழுகிய ஒவ்வொரு துளி ஒயிலுக்கும் பின்னால் தொழிற்சாலைத் தளத்தில் நின்றவனின் சோம்பல் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். தேய்ந்த இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுத் துல்லியம் கேட்டவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள்.

அந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின் மட்டும் சாகவில்லை. அது பிழைத்துக்கொண்ட இடம் சென்னை. இந்திய இராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வேண்டியிருந்த றோயல் என்ஃபீல்ட் புல்லட்டை அங்கேயே செய்வதற்காக 1955இல் மதராஸ் மோட்டோர்ஸ் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பனி 1970உடன் முடிந்துபோக, திருவொற்றியூரில் வார்ப்பிரும்புச் சிலிண்டருடன் அதே எஞ்சின் இன்னும் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. 2008-09இல்தான் கியர் பெட்டியும் எஞ்சினும் ஒன்றாக வார்க்கப்பட்ட அலுமினிய எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. புதிய எஞ்சின் ஒழுகுவது குறைந்தது, நிற்பதும் குறைந்தது. பழைய புல்லட் பக்தர்கள் என்ன சொன்னார்கள்? சத்தம் போய்விட்டது என்றார்கள்! பெரியப்பா இருந்திருந்தால் அவர்களுக்குத் தன் தகரத் தட்டைக் காட்டியிருப்பார்.

எஞ்சினின் நம்பகத்தன்மை என்பது ரசனைக்குரிய விஷயமாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நின்றுபோனால் இன்னொரு வண்டியைக் கூப்பிட வழி இருக்கவேண்டும். பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம், தொண்ணூறுகளின் முற்பகுதியில், எமக்கு அந்த வழி இருக்கவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவோடு. காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்தை அறியாதவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, நன்கு சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பழைய ஃபெர்குசன் ட்ராக்டர்களில் இந்த ஏற்பாடு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளை அப்படி யாரும் வடிவமைக்கவில்லை. அமுக்கம் கூடிய எஞ்சின் மண்ணெண்ணெயில் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியிலுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். பிளக் நாளுக்கொருமுறை கழன்று வந்து அரத்தாளைப் பார்க்கும். புது எஞ்சினைப் பழக்கும் விதிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மீறும் ஓட்டம் அது.

1993 கார்த்திகை. மழை. கோப்பாயில் இருந்த எங்கள் வீட்டில் இரவு ஒரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு அண்ணையிடம் 90 சி.சி. ஜப்பானிய வண்டி ஒன்று இருந்தது. பாவித்த வண்டியாகவே இலங்கைக்கு வந்து, மூன்று கைமாறி அவரிடம் வந்தது. போத்தலில் கால் பங்கு பெற்றோல் இருந்தது. அவர் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் குந்தியிருந்து ஊட்டினார். முதல் உதையிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பிடித்தது. சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் நின்றுவிடும், மீண்டும் ஊட்டப் பெற்றோல் இல்லை. அம்மா "வெளிக்கிடுங்கோவன், வெளிக்கிடுங்கோவன்" என்று கதறுகிறா. அண்ணை சிலிண்டரில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே "பொறுங்கோ மாமி" என்கிறார். அந்த மூன்று நிமிடங்களைப்போல நீண்ட நேரத்தை நான் அதன்பின் எந்தப் போர்க்களச் செய்திக்கும் காத்திருந்து கண்டதில்லை.

அண்ணை முன்னே, அப்பா நடுவே, அவரைக் கட்டிப் பிடித்தபடி நான் பின்னே. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வரை வெள்ளைப் புகையுடன் அந்த எஞ்சின் ஒருமுறையும் நிற்கவில்லை. அப்பா அதன்பின் பதினொரு வருடங்கள் இருந்தார். அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் யாரும் கோப்பாய் வீதியையோ மண்ணெண்ணெயையோ நினைத்திருக்க மாட்டார்கள். தேவைக்கு மேலான துல்லியத்தோடு சீவப்பட்ட ஒரு சிலிண்டர், யாரும் கேட்காத ஒரு மிகுதிப் பலம், அன்றிரவு எங்களுக்குப் பயன்பட்டது.

இன்றைய எஞ்சின்களின் சிலிண்டர் சுவரைத் தொழிற்சாலையிலேயே மேடு மழுக்கி, ஒயில் தங்கும் பள்ளத்தை மட்டும் விட்டுவைத்து அனுப்புகிறார்கள். கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் சீவுகின்றன. பழக்கும் வேலையில் பெரும்பகுதி வாங்குபவரின் வீதிக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. ஆயினும் கைநூலில் முதல் சில நூறு கிலோமீற்றருக்கு வேக வரையறை இன்னமும் அச்சிடப்பட்டிருக்கிறது. மருமகன் அதை மனப்பாடமாக ஒப்புவிக்கிறான். புல்லட் வாங்கும் ரசிகனைப் போன்றவன் அல்ல அவன். அக்காவின் காப்புகள் அடகுக் கடையில் அல்ல, அந்தச் சிலிண்டருக்குள் இருக்கின்றன.

850 கிலோமீற்றரில் முதல் சேர்விஸுக்குக் கொண்டுபோனான். அன்று விடுமுறை போட்டு கராஜில் பக்கத்திலேயே நின்றானாம். வடித்த ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் படமும் எடுத்து எனக்கு அனுப்பினான். மினுக்கம் இருந்தது, ஆனால் மிகக் குறைவு. வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்கள். காலைச் சத்தம் போய்விட்டது.

"இப்ப நித்திரை வருதோ?" என்று கேட்டேன்.

"வருது மாமா" என்றான். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "செயினிலை ஒரு சத்தம் கேக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான்.